இலவச வடிவமைப்பு கொடுத்து இணைப்புப் பெறலாமா? வாசகர் கேள்வி – பதில்

இணையதள வடிவமைப்பு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. டெம்ப்ளேட்களையும் தீம்களையும் (தளத்தின் தோற்றத்துக்கான ஆயத்த வடிவமைப்புகள்) இலவசமாக வழங்கி, அவற்றைப் பயன்படுத்துவோரின் தளங்களிலிருந்து தம் தளத்துக்கு பேக்லிங்க் (பிற தளம் தரும் இணைப்பு) பெறுவது சரியா, அதனால் பயன் உண்டா என்பதே அந்தப் பொருள். கொடுப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், வாங்கிப் பயன்படுத்துபவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதும் இதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: இணையதள வடிவமைப்பை அண்மையில்தான் தொழிலாக எடுத்துக்கொண்டேன். என் தளம் தேடல் முடிவுகளில் எங்கோ பின்னால் கிடக்கிறது. சில டெம்ப்ளேட்களை உருவாக்கி இலவசமாகக் கொடுத்து, ஒவ்வொன்றின் ஃபுட்டரிலும் (பக்கத்தின் அடிப்பகுதி) என் தளத்துக்கு ஓர் இணைப்பை வைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான பேக்லிங்க் தானாகச் சேரும் என்று இத்துறையில் மூத்த நண்பர் ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா?
— புதிதாகத் தொழில் தொடங்கிய வாசகி

பதில்: உங்கள் நண்பர் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அதனால்தான் அந்த அறிவுரை இன்றும் வாய்வழியாகப் பரவிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதையும், அது ஏன் முடிந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொண்டால், உங்கள் உழைப்பை எங்கே செலுத்துவது என்பது தெளிவாகிவிடும்.

1998ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகின்ற அந்தப் பக்கங்கள் எவ்வளவு முக்கியமானவை என்பவற்றைக் கொண்டு அதன் மதிப்பைக் கணக்கிடும் பேஜ்ராங்க் முறை விளக்கப்பட்டது. அதன் அடிப்படை எளியது. தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி இன்னொருவரைச் சுட்டுபவர், அவரிடம் ஏதோ ஒரு மதிப்பைக் கண்டே சுட்டுகிறார் என்பதுதான் அது. டெம்ப்ளேட்டின் ஃபுட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் இணைப்பு இந்த அடிப்படையையே பொய்யாக்கிவிடுகிறது. தளத்தின் உரிமையாளர் அதை எழுதவில்லை, பல நேரங்களில் அது அங்கே இருப்பதையே அவர் அறிவதில்லை. வடிவமைத்தவர் தனக்குத் தானே வாக்களித்து, அதையே ஆயிரம் பெட்டிகளில் போட்டதற்கு இது ஒப்பாகும்.

தொடக்க ஆண்டுகளில் தேடுபொறிகளால் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த கூகுள் டூல்பார், ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ராங்க் மதிப்பையும் பச்சைப் பட்டையாக எல்லோருக்கும் காட்டத் தொடங்கியதும், அந்தப் பட்டையின் நீளத்தை வைத்தே இணைப்புகளை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தை உருவாகிவிட்டது. (அந்தப் பட்டை பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கப்பட்டது 2016இல்தான்.) இலவச தீம்களின் ஃபுட்டரில், வடிவமைப்புக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத கடன், மருந்து, சூதாட்டத் தளங்களின் இணைப்புகள் காசுக்காக வைக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டு, தளங்களை அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் பயனர்களுக்கான அன்றைய தீம் தொகுப்பிலிருந்து இத்தகைய ஸ்பான்சர் தீம்கள் விலக்கப்பட்டன. தேடுபொறிகள் கடுமை காட்டுவதற்கு முன்பே, தீம்களை உருவாக்கிப் பகிர்ந்தவர்களின் சமூகமே இதைத் தவறு என்று கண்டுகொண்டது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

2010இல் கூகுள் பெற்ற ஒரு காப்புரிமை, பக்கத்தில் உள்ள எல்லா இணைப்புகளுக்கும் ஒரே எடை தராமல், ஓர் இணைப்பை வாசகர் சொடுக்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை, அது பக்கத்தில் இருக்கும் இடம், எழுத்தின் அளவு போன்ற கூறுகளிலிருந்து மதிப்பிட்டு எடை தருவதை விவரிக்கிறது. ஃபுட்டரின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கும் இணைப்பு அத்தகைய மதிப்பீட்டில் என்ன பெறும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அடுத்து 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் தேடலில் பென்குவின் என்ற மாற்றம் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் அதனால் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படும் என்று கூகுளே அறிவித்தது. ஒரே சொற்றொடரை ஆங்கர் டெக்ஸ்டாக (இணைப்பில் தெரியும் சொற்களாக) கொண்ட ஆயிரக்கணக்கான இணைப்புகளை நம்பியிருந்த பல தளங்கள் அப்போது சரிந்தன. 2016 செப்டம்பரில் பென்குவின், தேடலின் மைய நெறிமுறையிலேயே சேர்க்கப்பட்டது. அதன்பின் இத்தகைய இணைப்புகளுக்காகத் தளத்தைத் தண்டிப்பதைவிட, இணைப்பின் மதிப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெயின் என்ற தானியங்கி அமைப்பும் இதே பணிக்குப் பயன்படுத்தப்படத் தொடங்கியது.

முறைகேடான உத்திகளைப் பட்டியலிடும் கூகுளின் ஸ்பாம் கொள்கையில், பல்வேறு தளங்களின் ஃபுட்டர்களிலோ டெம்ப்ளேட்களிலோ பரவலாக விதைக்கப்பட்ட இணைப்புகள் என்று பெயர் சொல்லியே இந்த முறை பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆகவே இதில் ஊகத்துக்கு இடமில்லை. நீங்கள் நூறு தளங்களில் இணைப்பைப் பரப்பினால், பெரும்பாலும் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. நிலைமை மோசமானால் கிடைப்பது எச்சரிக்கை. இரண்டுக்காகவும் மாதக்கணக்கில் உழைப்பது வீண்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. 500 பக்கங்கள் கொண்ட ஒரு தளம் உங்கள் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தினால், உங்கள் கருவிகள் 500 பேக்லிங்க் என்று காட்டும். உண்மையில் அவை ஒரே தளத்தின் ஒரே ஃபுட்டரிலிருந்து வருபவை. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மனம் நிறைவடைய வேண்டாம், வாடிக்கையாளருக்குச் சாதனையாகக் காட்டவும் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் நான் வடிவமைத்த டெம்ப்ளேட்டில் என் பெயரைக்கூடப் போடக் கூடாதா? ஓவியர் தன் ஓவியத்தின் மூலையில் கையொப்பம் இடுவதில்லையா?
— முன்பகுதி நிரலாளர் ஒருவர்

பதில்: தாராளமாகப் போடலாம். உங்கள் உழைப்புக்கு உங்கள் பெயர் இருப்பது நியாயம், அதை எந்தத் தேடுபொறியும் தடுக்கவில்லை. தடுக்கப்படுவது, அந்தப் பெயரைத் தேடல் தரவரிசையை உயர்த்தும் கருவியாக்குவதுதான். இவ்விரண்டையும் பிரிப்பதற்கான வழி, இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்.டி.எம்.எல் நிரலிலேயே இருக்கிறது.

ஃபுட்டரில் உள்ள இணைப்பின் 'ஏ' குறியில் 'ரெல்' என்ற பண்பைச் சேர்த்து, அதற்கு 'நோஃபாலோ' என்ற மதிப்பைக் கொடுங்கள். 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என் ஆகிய மூன்று தேடுபொறிகளும் இணைந்து இதை அறிமுகப்படுத்தின. இந்த இணைப்பை என் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. 2019 செப்டம்பரில், காசோ பொருளோ கைமாறிய இணைப்புகளுக்காக 'ஸ்பான்சர்டு' என்ற மதிப்பும், பயனர்கள் எழுதும் பகுதிகளில் வரும் இணைப்புகளுக்காக 'யு.ஜி.சி' என்ற மதிப்பும் சேர்க்கப்பட்டன. இலவச டெம்ப்ளேட்டின் கையொப்பத்துக்கு நோஃபாலோ போதுமானது. பார்வையாளர் கண்ணுக்கு இணைப்பில் எந்த மாற்றமும் தெரியாது. அதைச் சொடுக்கினால் உங்கள் தளத்துக்கே வருவார். வடிவமைப்பு பிடித்துப்போய், இதைச் செய்தது யார் என்று தேடி வரும் அந்த ஒருவர்தான் உங்களுக்கு வேலை தரப்போகிறவர். அவருக்கும் பேஜ்ராங்குக்கும் தொடர்பு இல்லை.

இணைப்பில் வரும் சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் பெயர் அல்லது உங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும். 'மலிவு விலையில் சிறந்த இணையதள வடிவமைப்பு' என்பது போன்ற தேடல் சொற்றொடரைக் கையொப்பமாக வைத்தால், ஓவியத்தின் மூலையில் இருப்பது கையொப்பம் என்ற நிலை மாறி விளம்பரம் ஆகிவிடுகிறது. அது உங்கள் வடிவமைப்பைப் பயன்படுத்துபவரின் பக்கத்துக்கும் அழகு சேர்ப்பதில்லை.

கேள்வி: வசதி இல்லாத தொண்டு அமைப்புகளுக்கும் சிறு குழுக்களுக்கும் முழு இணையதளத்தையும் நானே இலவசமாக அமைத்துத் தருகிறேன். பதிலுக்கு அவர்கள் தளத்தில் என் தளத்துக்கு ஓர் இணைப்பு வைக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. பணம் வாங்காத இதுவும் தவறா?
— தன்விருப்பத் தொழில் செய்பவர்

பதில்: உங்கள் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் தேடுபொறியின் கொள்கை, பணத்தை மட்டும் பார்ப்பதில்லை. பொருளையோ சேவையையோ இணைப்புக்காகப் பரிமாறுவதும் அதில் விலை கொடுத்து வாங்கியதாகவே கருதப்படுகிறது. அதோடு, ஒப்பந்தத்திலோ பயன்பாட்டு விதிகளிலோ இணைப்பைக் கட்டாயமாக்கி, அதற்கு நோஃபாலோ போன்ற குறியீட்டைச் சேர்க்கும் உரிமையைத் தள உரிமையாளருக்கு மறுப்பதும் தனியாகவே விலக்கப்பட்டிருக்கிறது. உங்கள் நிபந்தனை இந்த இரண்டுக்குள்ளும் விழுகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தொண்டு அமைப்பு ஒன்று தன் தளத்தில் யாரைச் சுட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த அமைப்புக்கே இருக்க வேண்டும். உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டுவார். அந்தச் சம்மதத்தை நாம் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே நிபந்தனையை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும், பழைய தளம் எப்படி இருந்தது, என்னென்ன சிக்கல்கள் இருந்தன, படிவம் ஒன்றை நிரப்ப முடியாமல் திண்டாடியவர்களுக்கு இப்போது என்ன எளிதாகியிருக்கிறது என்பதை, அவர்களின் அனுமதி பெற்று உங்கள் தளத்தில் விரிவாக எழுதி வையுங்கள். புதிய தளம் தொடங்கியதை அந்த அமைப்பே தன் செய்திப் பக்கத்தில் அறிவிக்கும்போது, யார் செய்தார்கள் என்று அவர்கள் தாமாக எழுதி இணைப்புக் கொடுத்தால் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் தம் சொற்களில், தம் விருப்பத்தோடு, கட்டுரையின் நடுவில் தரும் அந்த ஓர் இணைப்புக்கு, ஃபுட்டரில் நீங்களே வைத்த ஆயிரம் இணைப்புகளும் ஈடாகா.

அவர்கள் தராமல் போகவும் கூடும். இலவசமாகச் செய்வது என்று முடிவெடுத்தபின் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: என் டெம்ப்ளேட்டின் ஃபுட்டர் இணைப்பை நீக்கக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதிவிட்டால் சட்டப்படி கட்டுப்படுத்த முடியுமா?
— மாணவர்

பதில்: எந்த உரிமத்தில் வெளியிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் குறிப்பிடல் என்ற நிபந்தனை உண்டு. எச்.டி.எம்.எல்5 அப் என்ற புகழ்பெற்ற இலவச டெம்ப்ளேட் தளம், அந்த உரிமத்தின் 3.0 பதிப்பில் தன் வடிவமைப்புகளை வழங்குகிறது. பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே அங்கு நிபந்தனை. அத்தகைய உரிமத்தில் வாங்கியவர் உங்கள் பெயரை முற்றிலும் அழித்துவிட்டால் அது உரிம மீறல். ஆனால் பெயரைக் குறிப்பிடும் இணைப்புக்கு நோஃபாலோ சேர்க்கக் கூடாது என்று அந்த உரிமம் எங்கும் சொல்லவில்லை. பெயருக்குத்தான் பாதுகாப்பு, தேடல் மதிப்புக்கு இல்லை.

எம்.ஐ.டி என்ற திறந்த நிரல் உரிமத்தில் நிரலின் பிரதிகளோடு பதிப்புரிமைக் குறிப்பு இருக்க வேண்டும். அது நிரல் கோப்புக்குள் இருந்தால் போதும், பக்கத்தில் பார்வையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ், ஜி.பி.எல் என்ற திறந்த நிரல் உரிமத்தில் வருவது. அதன் அதிகாரப்பூர்வத் தொகுப்பில் இடம்பெற விரும்பும் தீம்களும் ஜி.பி.எல்லுக்கு இசைந்த உரிமத்தில்தான் இருக்க வேண்டும். அந்த உரிமத்தின் உயிரே மாற்றும் உரிமைதான். ஃபுட்டரைத் திருத்தாதே என்று சொல்லிக்கொண்டே ஜி.பி.எல் என்று அறிவிப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. வேர்ட்பிரஸ் பிளக்கின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் நிரல்) தொகுப்பில் விதி இன்னும் கண்டிப்பானது. பயனரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவருடைய தளத்தின் பொதுப் பக்கங்களில் எந்த நன்றி இணைப்பையும் காட்டக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், ஃபுட்டர் பெயரைக் காட்டுவதா வேண்டாமா என்பதற்குத் தீமின் அமைப்புகளில் ஒரு தேர்வுப் பெட்டியை வைத்துவிடுங்கள். வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் வைத்துக்கொள்வார்கள். நீக்க நினைப்பவர் எப்படியும் நீக்கிவிடுவார். அதை அவர் நிரலைக் கிண்டிக் கெடுத்துக்கொள்ளாமல் செய்யட்டும்.

கேள்வி: எங்கோ இலவசமாகக் கிடைத்த தீம் ஒன்றை என் தளத்தில் பயன்படுத்துகிறேன். அடியில் எனக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று தளங்களின் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றை நீக்கினால் தளம் முழுவதும் வெள்ளைப் பக்கமாகிவிடுகிறது. என்ன செய்வது?
— சொந்தத் தளம் நடத்தும் இல்லத்தரசி

பதில்: முதலில் பதற்றம் வேண்டாம். இது தெரிந்தே வைக்கப்பட்ட பொறி. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

தீம் கோப்புறையில் 'ஃபுட்டர்' என்ற பெயருடைய பி.எச்.பி கோப்பைத் திறந்து பாருங்கள். வழக்கமான நிரல் வரிகளுக்கு நடுவில், இடைவெளியே இல்லாமல் நூற்றுக்கணக்கான எழுத்துகளும் எண்களும் கலந்து நீளும் ஒரு கொத்து இருக்கக்கூடும். அதற்கு முன்னால் 'ஈவால்', 'பேஸ்64 டீகோட்' என்ற ஆணைகள் இருக்கும். படிக்க முடியாதபடி மாற்றி வைத்த நிரலை, தளம் திறக்கும் நேரத்தில் மீண்டும் நிரலாக்கி இயக்குவதுதான் அவற்றின் வேலை. உங்களைத் தொல்லைப்படுத்தும் மூன்று இணைப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அதே தீமின் 'ஃபங்ஷன்ஸ்' கோப்பில் இன்னொரு சிறு நிரல், ஃபுட்டரில் அந்த இணைப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கிறது. இல்லையென்றால் பக்கத்தை அங்கேயே நிறுத்திவிடுகிறது. நீங்கள் கண்ட வெள்ளைப் பக்கத்தின் காரணம் அதுதான்.

சோதிக்கும் நிரலைத் தேடி நீக்கிவிட்டு அதே தீமைத் தொடர்வது இயலக்கூடியதே. ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று இணைப்புகளை மறைத்துவைத்தவர், உள்ளே நுழைவதற்கான பின்வாசல் ஒன்றையும் வைத்திருக்கமாட்டார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மறைகுறியாக்கிய நிரல் ஒரு வரி இருந்தாலும் அந்தத் தீம் முழுவதையும் ஐயத்துக்குரியதாகக் கொள்வதே பாதுகாப்பு. தளத்தின் உள்ளடக்கத்தையும் தரவுத்தளத்தையும் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, அதிகாரப்பூர்வத் தொகுப்பிலிருந்து வேறொரு தீமை நிறுவி, பழையதை முற்றாக அழித்துவிடுங்கள். பின்னர் நிர்வாகிகளின் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காத பெயர் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். உங்கள் கட்டுரைகளும் படங்களும் தீமில் இல்லை, தரவுத்தளத்திலும் பதிவேற்றக் கோப்புறையிலும் இருக்கின்றன. ஆகவே தீமை மாற்றினால் எழுதியவை அழிந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. நாளை புதிய தீமில் சிறு மாற்றம் செய்ய விரும்பினால், நேரடியாக அதன் கோப்பில் கைவைக்காமல் சைல்டு தீம் (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் துணைத் தீம்) ஒன்றை உருவாக்கி அதில் செய்யுங்கள். இல்லையெனில் அடுத்த புதுப்பித்தலில் உங்கள் மாற்றம் மறைந்துவிடும்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன்பு பல இலவச டெம்ப்ளேட்களை, தேடல் சொற்களைக் கொண்ட ஃபுட்டர் இணைப்புகளோடு பரப்பிவிட்டேன். இப்போது, தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் இயற்கைக்கு மாறான இணைப்புகள் என்று நடவடிக்கை அறிவிப்பு வந்திருக்கிறது. மீள வழி உண்டா?
— சிறு நிறுவனம் நடத்துபவர்

பதில்: உண்டு. அறிவிப்பு வந்திருப்பது, ஒரு மனிதர் உங்கள் தளத்தைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. ஆகவே நீங்கள் செய்யும் திருத்தத்தையும் ஒரு மனிதர் படிப்பார் என்ற எண்ணத்தோடு செயல்படுங்கள்.

டெம்ப்ளேட்களின் மூலக் கோப்புகளில்தான் தொடங்க வேண்டும். இன்னும் பதிவிறக்கத்துக்குக் கிடைக்கும் எல்லாப் பிரதிகளிலும் இணைப்பை நீக்குங்கள், அல்லது பெயரை மட்டும் வைத்து நோஃபாலோ சேருங்கள். ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பதில் பயனில்லை. புதுப்பித்தல் வசதியுள்ள தீம் என்றால் புதிய பதிப்பை வெளியிடுங்கள். புதுப்பிப்பவர்களின் தளங்களில் பழைய இணைப்பு தானாக மறைந்துவிடும். பிறகு சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையில், உங்களை அதிகம் சுட்டும் தளங்களின் பட்டியலையும், இணைப்பில் வரும் சொற்களின் பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே சொற்றொடர் மீண்டும் மீண்டும் வருவது அங்கே பளிச்செனத் தெரியும். அந்தத் தளங்களுக்கு எழுதி, இணைப்பை நீக்கவோ மாற்றவோ கேளுங்கள். பலர் பதில் போட மாட்டார்கள், அது எதிர்பார்க்க வேண்டியதே. எட்ட முடியாதவற்றை மட்டும், இந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் சொல்வதற்காக 2012 அக்டோபரில் அறிமுகமான டிஸ்அவோ கருவியின் வழியாக மறுப்புப் பட்டியலில் சேருங்கள். அந்தப் பட்டியலில் உங்களுக்கு நன்மை தரும் தளங்கள் தவறுதலாகச் சேர்ந்துவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்ப்பது அவசியம். கடைசியாக மறுபரிசீலனை விண்ணப்பத்தில், என்ன செய்தீர்கள், எதை நிறுத்திவிட்டீர்கள், எதை நீக்கியிருக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

அறிவிப்பு எதுவும் வராத வாசகர்கள், பழைய இணைப்புகளை எண்ணி அஞ்சி டிஸ்அவோ கருவியைத் தொட வேண்டாம். பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படுவதே இல்லை.

கேள்வி: இலவச டெம்ப்ளேட்டால் தேடலில் பயனே இல்லை என்கிறீர்களா? பின் ஏன் இத்தனை பேர் கொடுக்கிறார்கள்?
— முதல் கேள்வி கேட்ட வாசகியின் தொழில் கூட்டாளி

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. டெம்ப்ளேட்டுக்குள் புதைத்த இணைப்பால் பயனில்லை என்றுதான் சொல்கிறேன். டெம்ப்ளேட்டைப் பற்றிய பக்கத்துக்குப் பிறர் தாமாகத் தரும் இணைப்பால் நிறையப் பயன் உண்டு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இலவசமாகக் கொடுப்பது மிக நல்ல வழி.

பதிவிறக்கம் செய்யும் பொத்தானை மட்டும் வைத்து ஒரு பக்கத்தைப் போடாதீர்கள். யாருக்காக இதை வடிவமைத்தீர்கள், எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, எந்த உரிமம், எப்படி நிறுவுவது, எந்த உலாவிகளில் சோதித்தீர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர் திரைவாசிப்பானைக் கொண்டு இதைப் பயன்படுத்த முடியுமா என்பவற்றையெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். மூலநிரலை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வையுங்கள். பிழை கண்டவர் சொல்ல இடம் இருக்கும், நீங்கள் திருத்துவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இலவச டெம்ப்ளேட்களைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள், வகுப்பில் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் ஆசிரியர்கள், சக வடிவமைப்பாளர்கள் ஆகியோர் சுட்டுவது அத்தகைய பக்கத்தைத்தான். பொதுவான பத்து டெம்ப்ளேட்களைவிட, குறிப்பிட்ட ஒரு தேவைக்கான ஒன்றே மேல். நூலகம், நாடகக் குழு, கருத்தரங்கு, இசைப் பள்ளி என ஒரு துறையை எடுத்து, அங்கே நிகழ்ச்சி அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை யோசித்துச் செய்த வடிவமைப்பை அத்துறையினர் தமக்குள் பகிர்ந்துகொள்வார்கள்.

அனுபவமுள்ளவர்களும் கவனிக்காமல் விடும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். முன்னோட்டத்துக்காக நீங்கள் வைக்கும் டெமோ பக்கங்களில் பொருளற்ற நிரப்பு உரைதான் இருக்கும். பக்கத்தைத் தேடலில் காட்ட வேண்டாம் என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியை அவற்றுக்குச் சேருங்கள், தேடலில் அவை வருவதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் பதிவிறக்கத்துக்கான பிரதியைக் கட்டும்போது அந்தக் குறியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். அதே போல, டெமோவின் தலைப்பகுதியில் உங்கள் முகவரியோடு 'கேனானிக்கல்' குறி இருந்து, அது அப்படியே டெம்ப்ளேட்டோடு போய்விட்டால், வாங்கியவரின் ஒவ்வொரு பக்கமும், மூலப் பக்கம் நானல்ல, அங்கே இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். டெம்ப்ளேட்டோடு சேர்ந்து நோஇண்டெக்ஸ் போனாலும் சரி, கேனானிக்கல் போனாலும் சரி, அவருடைய தளம் தேடலில் காணாமல் போகக்கூடும், காரணம் என்னவென்று அவருக்குப் புரியவும் புரியாது. உங்கள் பகுப்பாய்வு நிரல் உள்ளே தங்கிவிட்டால் அவருடைய வாசகர்களின் வருகைத் தகவல் உங்களுக்கு வரத் தொடங்கும். வெளியிடுவதற்கு முன், சுருக்கிய கோப்பை வேறொரு கணினியில் பிரித்து, உங்கள் தள முகவரியைத் தேடிப் பாருங்கள். கையொப்பத்தைத் தவிர வேறெங்கும் அது இருக்கக் கூடாது.

கேள்வி: இலவச டெம்ப்ளேட்களைத் தொகுக்கும் தளங்களில் என் வடிவமைப்பைச் சேர்க்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மனிதர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தொகுப்புகளில் சேருங்கள். எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் நூறு பட்டியல்களில் சேர்ப்பதற்கு நேரம் செலவிட வேண்டாம்.

கேள்வி: என் இலவச தீம் ஓரளவு பரவலாகிவிட்டது. அதையும் அதன் தள முகவரியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்திருக்கிறார். தொகை கவர்ச்சியாக இருக்கிறது. விற்றுவிடலாமா?
— தீம் வடிவமைப்பாளர்

பதில்: அவர் எதை வாங்குகிறார் என்று முதலில் கேளுங்கள். தீமின் நிரலை வாங்குபவர் அதன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார். பிழைகளின் பட்டியலைக் கேட்பார், அடுத்த பதிப்பில் என்ன செய்யலாம் என்று யோசிப்பார். எத்தனை தளங்களில் இயங்குகிறது, புதுப்பித்தல் தானாகப் போய்ச் சேருமா, ஃபுட்டரில் உள்ள முகவரி எது என்று மட்டும் கேட்பவர், உங்களை நம்பி அந்தத் தீமை நிறுவியவர்களின் பக்கங்களைத்தான் வாங்க வந்திருக்கிறார். இப்படிக் கைமாறிய பிளக்கின்கள் அடுத்த புதுப்பித்தலிலேயே ஸ்பாம் பரப்பும் கருவிகளாக மாறியது வேர்ட்பிரஸ் உலகில் நடந்திருக்கிறது. 2017இல் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த ஒரு பிளக்கின், புதிய உரிமையாளரிடம் போனபின் அவ்வாறு மாறியதால் அதிகாரப்பூர்வத் தொகுப்பிலிருந்தே நீக்கப்பட்டது.

விற்பது உங்கள் உரிமை. ஆயினும் கையெழுத்திடுவதற்கு முன், ஃபுட்டரிலிருந்து முகவரியை நீக்கிய ஒரு பதிப்பை வெளியிட்டுவிடுங்கள். உரிமை மாறப்போவதைப் பயனர்களுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். இவ்விரண்டுக்கும் அவர் ஒப்பவில்லை என்றால் விற்க வேண்டாம். விற்காமல் தீமைக் கைவிடும் எண்ணம் இருந்தாலும், ஃபுட்டரில் உள்ள முகவரியின் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். காலாவதியான முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம், உங்கள் தீம் இருக்கும் ஒவ்வொரு தளமும் அந்தப் புதியவரையே சுட்டிக்கொண்டிருக்கும். பராமரிக்க முடியாத நிலை வந்தால், முகவரி இல்லாத இறுதிப் பதிப்பை வெளியிட்டு, அது பெரும்பாலானவர்களைச் சென்றடைய அவகாசம் கொடுத்து, அதன்பிறகே பதிவைப் புதுப்பிக்காமல் விடுங்கள்.